மறைத்தல் கருணையாகுமா?

பிறப்பும், மூப்பும், பிணியும், சாக்காடும் துக்கம் என்றும், அன்புடையாரைப் பிரிதலும் துக்கம் என்றும் பகவன் புத்தர் தம் முதற் பேருரையிலேயே அறிவுறுத்தினார். இவ்வாய்மை கற்றோர்க்கு ஒன்று, கல்லாதார்க்கு மற்றொன்று என இருப்பதன்று. செல்வர்க்கும் வறியர்க்கும், கூர்த்த அறிவினர்க்கும் மெல்லக் கற்போர்க்கும் அது பொது. ஆயினும், நம் இல்லங்களில் ஒருவர் இறந்தவிடத்து, அவ்வில்லத்திலேயே வாழும் ஒருவருக்கு மட்டும் அச்செய்தியை நாம் மறைத்துவிடுகின்றோம். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி தாமதமுற்ற மகனோ, முப்பது வயதாகியும் சிறு குழந்தைபோல் பேசும் மகளோ, சொல் ஒன்றும் வாராத தங்கையோ அவர். "அதற்கு என்ன தெரியும்? சொல்லி ஏன் அழவைக்க வேண்டும்?" என்பர் பெரியோர். அடுத்த வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு அடக்கத்திற்குச் செல்வர். 'அவன்', 'அவள்' என்னும் உயர்திணையும் அந்நேரத்தில் 'அது' ஆகிவிடுகின்றது.

இங்ஙனம் மறைத்தல் கருணையா, அன்றிக் கருணையின் பெயரால் இழைக்கப்படும் தீங்கா என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

இவர்கள் யாவர்?

எழுத்தறிவு பெறாதாரையோ, பள்ளித் தேர்வில் பின்தங்கினாரையோ இங்குக் குறிக்கவில்லை. புதியதைப் புரிந்துகொள்வதும், புரிந்ததை நினைவில் வைப்பதும், நினைத்ததைச் சொல்லால் வெளியிடுவதும் பிறவி தொட்டோ இளமை தொட்டோ அரிதாயிருப்போரையே குறிக்கின்றோம். 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கில் நம் நாட்டில் இத்தகையோர் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் எனப் பதிவாயிற்று. 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்தம் நிலையை அறிவுசார் குறைபாடு எனப் பெயரிட்டு, ஏனையோர்க்குள்ள உரிமை இவர்க்கும் உண்டெனக் கூறுகின்றது. தெருவில் வழங்கும் 'மந்தபுத்தி' முதலிய இழிசொற்களை நாம் கைவிடுதல் வேண்டும். பிறர் சூட்டிய இழிபெயரைச் சுமந்து வருந்திய மக்கள் நாம். அதன் பாரம் நம்மினும் நன்கறிந்தார் யார்?

சித்தூரும் திருப்பதியும்

இவ்வினா எவ்வூர்க்கும் உரியதே. எனினும் சித்தூர், திருப்பதி ஆகிய இரு மாவட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடை அது தனித்ததொரு சிக்கலாய் நிற்கின்றது. 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சித்தூரிலும், நகரியிலும், புத்தூரிலும், சத்தியவேட்டிலும், குப்பத்திலும் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்குமாக வாழ்வோர் பலர். பிறர்க்கு இவ்விருமொழி வாழ்வு வளம். ஒரு மொழியிலேயே சொற்கள் அரிதாய் வாய்த்தவர்க்கோ அது இருமடங்கு உழைப்பு. தாய் ஒரு சொல்லும் ஆசிரியை வேறொரு சொல்லும் கூறின், அவை இரண்டும் ஒரே பொருளைக் குறிப்பன என்று அவர் எங்ஙனம் அறிவார்?

சாவைப் பற்றிய நம் சொற்களோ பெரும்பாலும் சாவைச் சொல்லாத சொற்களே. 'காலமானார்' என்கின்றோம், 'தவறிவிட்டார்' என்கின்றோம், 'போய்விட்டார்' என்கின்றோம். தெலுங்கிலும் 'போயாரு' என்றே பலரும் கூறுவர். கடைக்குப் போனவரும் போனவரே, இறந்தவரும் போனவரே. சொல்லை உள்ளபடியே கொள்ளும் ஒருவர், போனவர் வருவார் என்று வாயிலைப் பார்த்திருப்பது இயல்பன்றோ?

'சாமியிடம் போய்விட்டார்' என்பது பிற ஊர்களில் வெறும் மங்கல வழக்காக இருக்கலாம். இப்பகுதியிலோ சாமி இருக்குமிடம் கண்ணுக்குத் தெரியும் மலை. அங்கே பேருந்து போகின்றது. போனவர் மறுநாள் திரும்புகின்றார். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். கொடிய நோயுற்றாரையும் ரூயா அரசு மருத்துவமனைக்கோ சுவிம்ஸ் மருத்துவமனைக்கோ கொண்டுசெல்வது அதே திருப்பதிக்குத்தான். 'அப்பா திருப்பதிக்குப் போயிருக்கிறார்' என்று கேட்ட பொழுதெல்லாம் அப்பா லட்டுடன் திரும்பி வந்திருப்பின், மருத்துவமனைக்குச் சென்று இறந்த தந்தையையும் அம்மகன் லட்டுடன் எதிர்பார்த்திருப்பான். 'அப்பா சாமியிடம் போய்விட்டார்' என்றும் உடன் சொல்லிவைப்பின், நாம் அவனுக்கு உரைத்தது சாவையன்று, முடிவிலாத காத்திருத்தலையே.

குறிகளும் அவ்வாறே மயக்குவன. திருப்பதியின் பேருந்து நிலையத்திலும் புகைவண்டி நிலையத்திலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான மொட்டைத் தலைகளைக் காணலாம். அவை வேண்டுதல் முடித்த மகிழ்ச்சியின் குறி. இழவு வீட்டில் மகன் தலை மழித்துக்கொள்வதோ துயரத்தின் குறி. 'கோவிந்தா' என்னும் ஒலி யாத்திரை வண்டியிலும் எழுகின்றது. சில குடியினரின் பாடையைச் சூழ்ந்தும் எழுகின்றது. நம் பௌத்த இல்லங்களிலோ, பகவன் படத்திற்கும் பாபாசாகேப் அம்பேத்கர் படத்திற்கும் விழா நாளில் மாலை சூட்டுகின்றோம். இறந்த பாட்டியின் படத்திற்கும் மாலை சூட்டுகின்றோம். இவற்றின் வேறுபாட்டை நாம் ஒருவரும் கற்பிக்காமலே அறிந்தோம். கற்பித்தாலன்றி அறியமாட்டாதவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்று எண்ணுவோர் சிலரே.

மறைத்ததனால் விளைவது

அறிவு வளர்ச்சி தாமதமுற்றோர் துயரத்தை உணரார் என்று மேலை நாட்டு மருத்துவரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இங்கிலாந்தில் மோரீன் ஆஸ்வின் என்னும் அம்மையார் இத்தகையோரின் துயரத்தை ஆராய்ந்து 1991-இல் வெளியிட்ட நூலுக்கு 'நான் அழலாமா?' என்னும் பொருளில் தலைப்பிட்டார். மனநல மருத்துவர் ஷீலா ஹாலின்ஸ் அம்மையாரும் மற்றொருவரும் பெற்றோருள் ஒருவரை இழந்த ஐம்பது பேரையும், இழக்காத ஐம்பது பேரையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1997-இல் முடிவு வெளியிட்டனர். இழந்தோரிடம் மனக் கலக்கமும் நடத்தை மாற்றமும் மிகுந்திருந்தன. ஆயின், அவரைப் பேணுவோர் பலர் அம்மாற்றத்திற்குச் சாவே காரணம் என்று கருதவில்லை.

இம்முடிவை நம் ஊர் வாழ்வில் பொருத்திப் பார்ப்போம். தந்தை இறந்து இரண்டு திங்கள் கழித்து மகன் உண்ண மறுக்கின்றான்; படுக்கையை நனைக்கின்றான்; மாலை ஆறு மணியானதும் வாயிற்படியில் அமர்ந்து எழ மறுக்கின்றான்; கையைக் கடித்துக்கொள்கின்றான். அடம் என்று அடிப்பாரும் உளர். பேய் பிடித்ததென்று மந்திரிப்பாரும் உளர். உறங்க மாத்திரை கேட்பாரும் உளர். மாலை ஆறு மணி அவன் தந்தை வேலையினின்று வரும் நேரம் என்பதை நினைவிற்கொள்வார் எத்தனை பேர்? அவன் தன் துயரத்தை உரைத்துக்கொண்டேயிருக்கின்றான். அம்மொழியைக் கேட்கும் செவிதான் நமக்கு இல்லை.

தாய் இறப்பின் இழப்பு இன்னும் பெரிது. குளிப்பாட்டியவர், ஊட்டியவர், அவன் முணுமுணுப்பின் பொருளை அறிந்த ஒரே மொழிபெயர்ப்பாளர் அத்தாய்தான். பதினாறாம் நாள் கழிந்ததும் அவனை அண்ணன் வீட்டிற்கோ விடுதிக்கோ அனுப்புவர். தாய் போனதும், பாய் மாறியதும், சோற்றின் சுவை மாறியதும், தெருவின் ஒலி மாறியதும் ஏன் என்று அவனுக்குச் சொல்லுவார் இல்லை.

2021-இல் கொரோனாப் பெருந்தொற்றின் போது இத்துன்பம் எல்லை கடந்தது. அவ்வாண்டு மே 10-ஆம் நாள் இரவு ரூயா மருத்துவமனையில் பிராணவாயு தடைப்பட்டு நோயாளிகள் பதினொருவர் இறந்தனர் என அரசு அறிவித்தது. அந்நாள்களில் தொற்றால் மாண்டோர் பலரின் உடல் வீட்டிற்கு வாராமலே சுடுகாடு சென்றது. வாய்ச்சொல்லால் அறியமாட்டாதவர்க்குக் கண்ணால் அறியும் வழியும் அன்று அடைபட்டது. வண்டியில் ஏறிச் சென்றவர் மருத்துவமனையிலேயே இருக்கின்றார் என இன்றும் எண்ணியிருப்போர் நம்மிடை இருத்தல் கூடும். அவர்க்கு இப்பொழுது உரைத்தாலும் காலம் கடந்ததாகாது.

'அவனுக்குப் புரியாது'

மறைப்போர் கூறும் முதற் காரணம் இது. இதற்கு விடை நம் சாசன வரலாற்றிலேயே உண்டு. சூளபந்தகர் என்னும் பிக்கு நான்கு திங்கள் முயன்றும் ஒரு பாட்டை மனனம் செய்ய இயலாதவராயிருந்தார். முன்னரே துறவு பூண்டிருந்த அவர் தமையனார் மகாபந்தகர், 'நீ சங்கத்திற்குத் தகுதியற்றவன், வீடு திரும்பு' என்று விலக்கினார். அழுதுகொண்டு வெளியேறியவரைப் பகவன் எதிர்கொண்டு, தூய வெண்டுணி ஒன்றைக் கையிற் கொடுத்து, அழுக்கு நீக்குதலைக் குறிக்கும் ஒரே சொல்லை உரைத்தவாறு அதனைத் தேய்த்துக்கொண்டிருக்கப் பணித்தார். தேய்க்கத் தேய்க்க வெண்டுணி மாசுற்றது. தூயதாயிருந்தது மாறியதைத் தம் கையாலேயே கண்டு, அவர் அநித்தியத்தை உணர்ந்து அருகரானார்.

இவ்வரலாற்றைப் பலரும் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். அதனினும் ஆழ்ந்ததொரு கருத்து இதில் உண்டு. மாணவரிடத்தில் இருந்த குறையினும் கற்பித்த முறையில் இருந்த குறையே பெரிது. அதே பாட்டை ஐந்தாம் திங்களும் ஓதச் சொல்லாமல், சொல்லை விடுத்துப் பொருளைக் கையில் கொடுத்தார் பகவன். அங்ஙனம் கற்பிக்கப்பட்டதும் எளியதொரு பாடமன்று. தோன்றியன யாவும் மாறும் என்னும் பாடமே. சாவைப் புரிந்துகொள்வதற்கு வேண்டுவதும் அதுவன்றோ?

கூர்த்த அறிவுடையோரும் சாவைச் சொல்லால் மட்டும் அறிவதில்லை. மாண்ட மகவை இடுப்பில் சுமந்து திரிந்த கிசாகோதமியிடம், குழந்தை இறந்துவிட்டதெனக் கண்டவரெல்லாம் கூறினர், அவள் கேட்டிலள். பகவன் கூறாது, சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு கொணரப் பணித்தார். வாயில் தோறும் நடந்து, கேட்டுக் கேட்டு, அவள் கற்றாள். சுஜாத ஜாதகத்திலும், தந்தையை இழந்து கடமை மறந்து அரற்றிய ஒருவனுக்கு, அவன் மகன் செத்த எருதின் முன் புல்லும் நீரும் வைத்தே உண்மையை உணர்த்தினான். துயரம் வந்துற்றவிடத்து நாம் யாவரும் மெல்லக் கற்போரே. ஆதலின், 'புரியாது' என்பது சொல்லாதிருப்பதற்குக் காரணமாகாது. வேறு வகையில் சொல்லுவதற்கே காரணமாகும்.

'அவன் வருந்துவான்'

இரண்டாம் காரணம் இது. வருந்துவான் என்பது மெய். ஆயின், வருத்தம் தரும் உண்மையை உரைத்தல் தகுமா என்னும் வினாவைப் பகவனிடமே அபய இளவரசன் வினவினான். அப்பொழுது அவன் மடியில் ஒரு பச்சிளங்குழந்தை இருந்தது. இக்குழந்தை குச்சியையோ கல்லையோ வாயில் இட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று பகவன் கேட்க, குருதி வரினும் எடுப்பேன், அதன்மேல் எனக்குக் கருணை உண்டாதலின், என்றான் அவன். அவ்வாறே, மெய்யும் பயனும் உடைய சொல் கேட்போர்க்கு இனிதன்றாயினும், உரிய காலம் அறிந்து ததாகதர் அதனை உரைப்பார் எனப் பகவன் விளக்கினார். இனிதாயினும் பொய்யானதை அவர் உரைப்பதில்லை.

'அப்பா வருவார்' என்பது இனிய பொய். கேட்பவர் அன்றிரவு உறங்குவார். மறுநாள் காத்திருப்பார். காத்திருந்து சலித்தபின், அப்பா தன்னை வெறுத்து விலகிவிட்டார் என்றோ, தான் செய்த குறும்பால் போய்விட்டார் என்றோ எண்ணத் தலைப்படுவார். அம்பு தைத்தவனை இரண்டாம் அம்பும் தைத்தாற்போல் எனப் பகவன் கூறிய உவமை இங்குப் பொருந்தும். சாவு முதல் அம்பு. அதனை எவராலும் தடுத்தல் இயலாது. கைவிடப்பட்டோம் என்னும் எண்ணம் இரண்டாம் அம்பு. அதனை எய்பவர் நாமே.

வினைப்பயன் என்னும் வாதம்

இனி, நம்மிடையேயும் சிலர், இப்பிறவிக் குறை முன்வினைப் பயன், நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பர். சீவகன் என்னும் பரிவிராசகனுக்குப் பகவன் உரைத்த மொழியை அவர்கள் நினைவு கூர்க. பித்தம், சிலேட்டுமம், வாதம், பருவ மாறுதல் எனப் பல காரணங்களை எடுத்துரைத்து, நுகர்வன யாவும் முன்வினையாலேயே வருவன என்பார் பிழைபடுகின்றனர் என்றார் அவர். முன்வினை என்று கூறியே நம் முன்னோரைச் சேரிக்கு வெளியே வாராமல் நிறுத்தினர். அவ்வாதத்தை மறுத்துத் தம்மத்தில் சேர்ந்த நாம், நம்மினும் எளியார்மேல் அதனை ஏவுதல் முறையாகாது.

பற்றறுக்கச் சொல்லும் சமயத்தில் அழுகைக்கு இடமேது என்பாரும் உளர். பகவன் பரிநிர்வாணம் எய்தும் காலத்து, ஆனந்தர் கதவோரம் சாய்ந்து நின்று அழுதார். பகவன் அவரை அழைப்பித்து, அருகிருத்தி, அநித்தியத்தை நினைவூட்டி, அவர் நெடுநாள் அன்போடு ஆற்றிய தொண்டைப் புகழ்ந்தார். துயரம் கேட்கப்பட்ட பின்னரே ஆறுதல் பிறக்கின்றது. கேளாமல் தரும் உபதேசம் வாயடைப்பேயாம்.

உரைக்கும் வழிகள்

ஆகவே, செய்யத்தக்கவை சிலவற்றைத் தொகுத்துக் கூறுவாம்.

முதலாவது, ஐயமற்ற சொல்லால் உரைத்தல். 'அப்பா இறந்துபோனார். அவர் உடம்பு இனி மூச்சு விடாது, சாப்பிடாது, எழுந்திராது. அவர் திரும்பி வரமாட்டார்' என்பன போன்ற சிறு வாக்கியங்கள் போதும். பெரியோரைச் 'செத்தார்' என்றல் மரியாதைக் குறைவெனச் சிலர் தயங்குவர். ஆயின், கோழி செத்தது, நாய் செத்தது என்று அச்சொல்லையே அறிந்தவர்க்கு 'அப்பா செத்துப்போயிட்டாரு' என்பதே தெளிவு. மரியாதை அச்சொல்லின் ஈற்றிலேயே நிற்கின்றது. தெலுங்கில் 'சனிபோயாரு' என்க. வீட்டாரும் ஆசிரியரும் அண்டை வீட்டாரும் இன்ன சொல்லையே வழங்குவது என முன்னரே உடன்படல் வேண்டும்.

இரண்டாவது, காணவும் தொடவும் விடுதல். அவர் விரும்பின் உடலருகே அமர்த்தி, கையின் குளிர்ச்சியை உணர விடுக. விரும்பாராயின் வற்புறுத்தல் தகாது. அடக்கத்தின் போது திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுங்கால் அவரைக் கூட்டத்தின் ஓரத்தில் நிறுத்தாமல், மலர் வைத்தலோ விளக்கேற்றலோ ஆகிய ஒரு செயலை அவர் கையில் ஒப்படைக்க. அவர்க்கு அதுவே பிரிவுரை.

மூன்றாவது, படங்களும் பொருள்களும். ஷீலா ஹாலின்ஸ் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் தந்தை இறந்தமை பற்றியும் தாய் இறந்தமை பற்றியும் 1989-இல் சொல்லே இல்லாத படநூல்கள் வெளியிட்டனர். படங்களைப் பார்ப்பவர் தம் கதையைத் தாமே கூறுவர். அத்தகைய படங்களை நம் ஊர் வாழ்வுக்கேற்ப நாமே வரையலாம். பந்தல், பாடை, வெற்று நாற்காலி என்பன போதும். இறந்தவரின் துண்டு, மூக்குக்கண்ணாடி, தேநீர்க் குவளை ஆகியவற்றை ஒரு பெட்டியில் இட்டு அவர் வசம் கொடுப்பின், நினைவு வந்துழி அதனைத் திறந்து காட்டுவார். அது அவர்தம் பேச்சு. படப்பலகையால் பேசுவோர்க்குச் சோறும் நீரும் மட்டும் இருந்தால் போதாது. 'இறந்தார்', 'அழுகை வருகின்றது', 'தனியே விடு' என்னும் படங்களும் வேண்டும். இல்லாத படத்தைச் சுட்டிக் காட்ட எவராலும் இயலாது.

நான்காவது, மீண்டும் மீண்டும் உரைத்தல். 'அப்பா எங்கே?' என்று நூறு முறை வினவுவார். நூறாவது முறையும் அதே சொல்லால், சினமின்றி விடையளிக்க. அவ்வினா சில வேளை செய்தியை வேண்டுவதன்று. அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும் என்னும் விருப்பமே ஆம்.

ஐந்தாவது, சாவு வருமுன்னரே கற்பித்தல். உதிர்ந்த இலையையும் மாண்ட குருவியையும் காட்டிச் சொல்லத் தொடங்கலாம். தாய் நோயுற்றிருக்கும் பொழுதே அழைத்துச் சென்று காட்டுக. தாய்க்குப் பின் எங்கு வாழ்வது என்பதைத் தாய் இருக்கும் பொழுதே பழக்குதல் அதனினும் நன்று.

இவை யாவும் செய்தபின்னும், ஒருவர் எவ்வளவு புரிந்துகொண்டார் என்று நாம் அளந்தறிய முடியாமல் இருக்கலாம். புரிந்ததா என்று தேர்வு வைத்தல் நம் வேலையன்று. அருகிருந்து, மெய் உரைத்து, அவர் காட்டுவதைக் கவனித்திருப்பதே நம் வேலை.

நம் சங்கங்களின் கடமை

காணாதார்க்கும் கேளாதார்க்கும் நடக்கமாட்டாதார்க்கும் சோறளித்த ஆபுத்திரன் வரலாற்றைத் தமிழ்ப் பௌத்தராகிய நாம் மணிமேகலையில் பயின்று பெருமைப்படுகின்றோம். பசி தீர்த்தல் போலவே துயர் கேட்டலும் அறம். இனி நம் சங்கத்தார் இழவு வீட்டிற்குச் செல்லுங்கால், இவ்வில்லத்தில் செய்தி சொல்லப்படாதவர் எவரேனும் உளரா என்று முதலில் வினவுவாராக. அடுத்த வீட்டில் ஒளித்து வைக்கப்பட்டவரை அழைத்து வந்து, வாய்மை உரைத்து, மலரைக் கையில் கொடுப்பாராக. அவர் உரக்க அழின், தம்ம உரையைச் சற்று நிறுத்தி, அவ்வழுகை முடியுமளவும் காத்திருப்பாராக. பதினாறாம் நாளுக்குப் பின்னும் ஒருவர் திங்கள்தோறும் அவ்வில்லம் சென்று, இறந்தவரின் பெயரைச் சொல்லி அவருடன் அமர்ந்திருப்பாராக.

இவற்றிற்குப் பொருட்செலவு பெரிதில்லை. சம்மா வாக்கு என நாள்தோறும் ஓதுவதை நம் இல்லத்து மிக எளியாரிடத்தும் கடைப்பிடித்தலே வேண்டுவது.

எல்லா உயிர்களும் துயர் நீங்கி வாழ்க.